செஞ்சி மல்லாட்டை மண்டியில் நான் போட்ட துண்டு

பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறும்போது என் மனைவி எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: "அங்க போயி வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க." மெட்ராஸ் வந்து சேரும்வரை அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினேன். ஒழுக்கத்தால் அல்ல, கடல் மயக்கத்தால். அந்த ஏழு நாளும் வாயைத் திறந்தால் பேச்சைத் தவிர மற்றதெல்லாம் வந்தது.

எனக்கு வயது நாற்பத்தாறு. கோடவுனில் மூட்டை எண்ணுவது வேலை. பல வருடங்களுக்கு ஒருமுறை கிடைக்கிற நீண்ட லீவில் அப்பா பிறந்த தேசத்தைப் பார்த்துவரக் கிளம்பினேன். கூட வேலை செய்யும் காதருக்குச் செய்தி எட்டியது. காதரின் ஊர் செஞ்சி. அவன் தங்கைக்கு அங்கே நிக்காஹ். அவனுக்கோ லீவு கிடைக்கவில்லை. ஒரு வருடம் ஓவர்டைம் பார்த்து வாங்கிய கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து என் மணிக்கட்டில் கட்டினான்.

"அண்ணே, என்னால போவ முடியல. எனக்குப் பதிலா இந்த வாட்சுதான் போவுது. இதை மாப்பிள்ளை கையில கட்டிட்டீங்கன்னா, நானே பக்கத்துல நின்ன மாதிரி. ஊருக்குள்ள யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க, காலம் கெட்டுக் கிடக்கு."

கண் கலங்கிவிட்டான். எனக்கும் கலங்கியது. ஆனால் என்னுடையது பயத்தில். அடுத்தவன் பொருளை நான் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. குடைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்லும்.

பெட்டியில் வைத்தால் சுங்கத்தில் தீர்வை. கையில் கட்டினால் சொந்த உபயோகம். அதனால் கட்டியே வந்தேன். மெட்ராஸ் சுங்க அதிகாரி, "சொந்த வாட்சா?" என்று கேட்டார். "எங்க தாத்தா கட்டினது சார்," என்றேன். அவர் வாட்சின் வாரில் தொங்கிய விலைச் சீட்டைப் பார்த்தார், என் முகத்தில் ஓடிய வியர்வையைப் பார்த்தார், "தாத்தாவுக்கு நல்ல ரசனை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அது சாவி கொடுக்க வேண்டாத ரகம். கை ஆடினால் போதும், ஓடும். என் கை எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் கவலையில்லை. ஒரே தொல்லை: அது பினாங்கு நேரத்தில் ஓடியது, இந்தியாவுக்கு இரண்டு மணி முன்னால். பக்கத்துத் திருகை இழுத்துத் திருப்பினால் சரியாகிவிடும். இழுத்தது கையோடு வந்துவிட்டால்? தொடவேயில்லை. யாராவது மணி கேட்டால் மனசுக்குள் இரண்டைக் கழித்துச் சொல்லிக்கொள்வேன்.

மறுநாள் திண்டிவனத்தில் செஞ்சி பஸ். வெயில் என்றால் எங்கள் ஊர் வெயில் இல்லை. பினாங்கில் வெயில் நனைக்கும், இங்கே வறுக்கும். பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு சிவப்புத் துண்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். போட்டதும் எனக்கே ஒரு மிடுக்கு வந்தது. அந்தத் துண்டு என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

பாதி வழியில் பஸ் நின்று முன்பக்கம் புகைந்தது. கண்டக்டர், "தண்ணி யாராச்சும் வச்சினுக்கிறீங்களா?" என்று கத்தினார். பின்சீட்டிலிருந்து ஒரு அம்மாள் தூக்குவாளியை நீட்ட, அவர் பார்க்காமல் ஊற்றிவிட்டார். ஊற்றிய பிறகுதான் அந்த அம்மாள், "ஐயே, அது மோரு!" என்றார். இன்ஜின் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டுக் கிளம்பியது. செஞ்சி போய்ச் சேரும்வரை பெருங்காய வாசனை. சூட்டுக்கு மோர் நல்லதுதானே.

செஞ்சியில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கோட்டை. மலைமேல் பாறையைக் கொட்டி, பாறைமேல் சுவரைக் கட்டி, அதற்கு மேலே இன்னொரு கட்டடத்தையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏறலாமா என்று என் முழங்காலைக் கேட்டேன். நாளைக்குப் பார்ப்போம் என்றது.

காதர் வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் அனந்தபுரத்துச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார்கள், சாயங்காலம்தான் வருவார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். கடைத்தெருவில் ஒரு ஓட்டலில் மல்லாட்டைச் சட்னியோடு ஐந்து இட்டிலி சாப்பிட்டேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இந்தச் சீமையில் வேர்க்கடலை என்று சொன்னால் பட்டணத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தச் சட்னிக்காக இன்னொரு முறை கடல் மயக்கம் வந்தாலும் சம்மதம்.

சாயங்காலம்வரை என்ன செய்வது? கால் போன போக்கில் மல்லாட்டை மண்டிக்குள் நுழைந்தேன். மத்தியான வியாபாரம் ஓய்ந்து, மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து மூன்று பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மண்டி முதலாளி ஏகாம்பரம், தொப்பையும் சிரிப்புமாக. தராசுக்காரர் கோவிந்தன், ஒல்லி, வாயாடி. மூன்றாமவர் மூட்டை போட வந்த வல்லத்து விவசாயி. காதில் சிவப்புக்கல் கடுக்கன், வாயில் பேச்சே கிடையாது. எல்லோரும் அவரை வல்லத்தார் என்றே கூப்பிட்டார்கள்.

"இன்னா சார், நின்னுகினே பாக்கறீங்க? எந்த ஊரு?" என்றார் கோவிந்தன்.

"பினாங்கு. கோட்டை பார்க்க வந்தேன்."

"கோட்டை எங்கியும் போயிடாது. குந்துங்க."

என் மனைவியின் புத்திமதி அந்த இடத்தில் காலாவதியாயிற்று. பினாங்கில் வெள்ளைக்கார மேனேஜர்களோடு ஐந்து சீட்டு போக்கர் ஆடுவேன், என்னைக் கண்டால் அவர்கள் பர்சை மூடுவார்கள், அங்கே எனக்குப் பெயரே புலி என்று அளந்துவிட்டேன். உண்மையில் கோடவுன் குமாஸ்தாக்கள் நாலு பேர் சனிக்கிழமை மத்தியானம் ஆடுவோம். ஆட்டத்துக்கு இரண்டு காசுக்கு மேல் கிடையாது. அதிலும் புலி வேறொருவன்.

இங்கே ஆட்டம் மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு. பார்த்தும் ஆடலாம், பார்க்காமலும் ஆடலாம். பந்தயத்துக்குக் காசுக்குப் பதில் தோலோடு மல்லாட்டை. சாதாரணக் காய் ஒரு பைசா, மூணு பருப்பு உள்ள காய் பத்துப் பைசா.

"எவ்ளோ வரைக்கும் ஏத்தலாம்?" என்று கேட்டேன்.

"கையில இருக்கிற வரைக்கும். இதுக்கெல்லாம் இன்னா லிமிட்டு?" என்றார் ஏகாம்பரம். எந்தச் சீட்டு எதை வெல்லும் என்று விளக்க ஆரம்பித்தார்.

"தெரியும், தெரியும். இதோட அண்ணன் ஆட்டத்தையே ஆடினவன் நான்," என்று அவர் வாயை அடைத்தேன். அந்த விளக்கத்தைக் கேட்டிருந்தால் பிற்பாடு பாதி உயிராவது மிஞ்சியிருக்கும்.

முதல் ஆட்டம் எனக்கு இரண்டு ராணி. ஜோடி. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்க நினைக்க என் காது சிவந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தால் காது சிவக்கும். ஆனால் வெயிலில் வந்த ஆள் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு படி மல்லாட்டை என் பக்கம் வந்தது.

அடுத்தது எனக்கே மறக்காத ஆட்டம். கையில் ஒன்றுமே இல்லை: ஒரு ஒன்பது, ஒரு ஐந்து, ஒரு இரண்டு. பயத்தில் இரண்டு கையாலும் காய்களை அள்ளி நடுவில் தள்ளிவிட்டேன். ஒதுங்கத்தான் நினைத்தேன், கை கேட்கவில்லை. ஏகாம்பரம் என்னை உற்றுப் பார்த்தார். "பினாங்குப் புலின்னு சும்மாவா சொன்னாரு," என்று சீட்டைக் கவிழ்த்தார். அவர் கையில் ராஜா ஜோடி இருந்ததாம்.

இந்த இடத்தில்தான் ஒரு பெரியவர் வந்து என் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் குடை. "வாங்க பாய்," என்றார் ஏகாம்பரம். "ஆட வந்தீங்களா?"

"தோபா! நான் ஆடறதாவது. வெயிலுக்கு ஒதுங்கினேன்," என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் கழித்து என் தோளைத் தொட்டு, "தம்பி, மணி இன்னா?" என்றார்.

இரண்டைக் கழித்தேன். "ஒண்ணே கால்."

நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, வாட்சையே பார்த்தார். எனக்குச் சுரீர் என்றது. காதர் சொன்னது நினைவுக்கு வந்தது. மணிக்கட்டை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு ஆடினேன்.

பதற்றத்தில் எனக்கு ஒரு பழக்கம், எதையாவது மெல்ல வேண்டும். கை தானாக ஒரு காயை எடுத்து உடைத்து வாயில் போட்டது.

"ஐயோ, பேங்க்கைத் துன்றாரு!" என்று கோவிந்தன் அலறினார். "மூணு பருப்புக் காய் சார் அது! பத்துப் பைசா!"

மண்டியே சிரித்தது. வல்லத்தார்கூட மூக்கால் சிரித்தார். நான் பத்துப் பைசாவை மென்று விழுங்கினேன்.

ஆட்டம் சூடேறியது. பெரியவர் மறுபடியும் தோளைத் தொட்டார். "மணி இன்னா தம்பி?"

கையில் சீட்டு வந்துகொண்டிருந்த நேரம். யோசிக்காமல், "நாலு," என்றேன்.

"இன்னா சார், ரெண்டு மணி பஸ்ஸே இப்பதான் கெளம்புது," என்று கோவிந்தன் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்து எனக்கு இன்னும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். சந்தேகமே இல்லை, இந்த ஆளுக்கு வாட்சின் மேல்தான் கண் என்று முடிவு கட்டினேன். கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது. தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். துடைத்துவிட்டு முன்னால் பாய்மேல் வைத்தேன்.

மண்டியில் பேச்சு நின்றது. கோவிந்தனின் வாய்கூட நின்றது. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சார்," என்றார் ஏகாம்பரம் மெதுவாக, "துண்டைப் பாய்மேல போட்டுட்டீங்க."

"ஆமா, ஈரமா இருந்துச்சு..."

"எங்க மண்டியில துண்டு விழுந்தா, உடம்புல இருக்கிறது எல்லாம் பந்தயம்னு அர்த்தம். மானத்துக்கு வேட்டி மட்டும் விலக்கு. மோதிரம், செயின், வாட்சு எல்லாம் சேத்தி."

எனக்கு மோதிரம் இல்லை, செயின் இல்லை. இருந்தது காதரின் ஒரு வருட ஓவர்டைம். என் மூன்று சீட்டையும் நான் இன்னும் பார்க்கக்கூட இல்லை, கவிழ்ந்தே கிடந்தன.

பின்னால் நின்ற பெரியவர், "தம்பி, அந்த வாட்சு..." என்று ஆரம்பித்தார்.

கோவிந்தன் கையைக் காட்டித் தடுத்தார். "பாய், துண்டு விழுந்துடுச்சு. வேடிக்கை பாக்கறவங்க வாயத் தொறக்கக் கூடாது."

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். கூரைக்கு அடியிலேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெளியூரு மனுசன், தெரியாம வச்சிட்டாரு. எடுத்துக்கினு போவட்டும். இன்னா வல்லத்தாரே?" என்றார் ஏகாம்பரம். வல்லத்தார் தலையை ஆட்டினார். சரிதான் என்று.

பாருங்கள், தப்பிக்கும் வழியைத் தட்டில் வைத்து நீட்டினார்கள் அந்த நல்ல மனிதர்கள். கையை நீட்டித் துண்டை எடுத்துத் தோளில் போட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் ஒரு மணி நேரமாகப் புலி, புலி என்று உறுமியிருக்கிறேனே. புலி எங்காவது, "மன்னிக்கணும், வியர்வை துடைத்தேன்" என்று சொல்லுமா?

"தெரிஞ்சுதான் போட்டேன்," என்றது என் வாய். சத்தியமாக நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது.

ஏகாம்பரமும் கோவிந்தனும் உடனே சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். வல்லத்தாரும் கவிழ்த்துவிடுவார், நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். அவர் தன் சீட்டை ஒருமுறை விரித்துப் பார்த்தார். மடித்தார். வலது காதுக் கடுக்கனைத் தடவினார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, என் துண்டின் பக்கத்தில் பாப்பாவைப் படுக்க வைப்பதுபோல வைத்தார்.

"கடுக்கன் மாமனாரு போட்டது," என்றார். அவர் அன்று பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

என் நிலைமையைச் சொல்கிறேன். இப்படியே எழுந்து ஓடினால் கோட்டை மேல் ஏறிவிடலாமா என்று கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில் ராஜா காலத்துப் படை துரத்தினாலும் முதலில் உச்சிக்குப் போவது நானாகத்தான் இருந்திருக்கும். காதர் கண் கலங்கியது கண் முன்னால் வந்தது. பினாங்குக்குத் திரும்பிப் போகாமல் இந்த மண்டியிலேயே மூட்டை எண்ணப் போகலாமா என்றும் யோசித்தேன். அனுபவம் இருக்கிறதே.

வல்லத்தார் தன் சீட்டைத் திறந்தார். இஸ்பேட் ஆஸ், இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒன்பது. மூன்றும் ஒரே கலர்.

என் கை நடுங்கியதால் என் சீட்டைக் கோவிந்தனே திறந்தார். முதலில் கிளாவர் இரண்டு. "ச்சு" என்றது மண்டி. அடுத்து டைமன் நாலு. யாரோ எனக்காகப் பெருமூச்சு விட்டார்கள். மூன்றாவதைக் கோவிந்தன் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினார். ஆர்ட்டின் மூன்று.

இரண்டு, மூன்று, நாலு. ஒன்றாம் வகுப்புப் பையன் சிலேட்டில் எழுதுகிற எண்கள். எங்கள் ஊர் போக்கரில் ஒரே கலர் வந்தால் வரிசையைத் தூக்கி விழுங்கிவிடும். அதுவும் ஆஸும் ராஜாவும் உள்ள கலர்! முடிந்தது கதை. "போச்சு" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாட்சின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"யோவ், இன்னாத்துக்குக் கழட்டற?" என்று கோவிந்தன் மரியாதையை மறந்து கத்தினார். "ஜெயிச்சிட்டய்யா!"

"கலர்தானே பெரிசு?"

"மூணு சீட்டுல வரிசைதான் பெரிசு! அதைத்தான மொதலாளி மொதல்ல சொல்ல வந்தாரு. 'அண்ணன் ஆட்டம்' ஆடினேன்னியே!"

ஏகாம்பரம் தொப்பை குலுங்கச் சிரித்தார். வல்லத்தார் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பிறகு அவரும் வாய்விட்டுச் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து ஆடாத குறை எனக்கு. பின்னால் திரும்பினேன். குடைப் பெரியவரைக் காணவில்லை. அப்பாடா என்று இருந்தது.

துண்டு விழுந்த ஆட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டாம். ஜெயித்தவன் பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தோற்றவனுடைய துண்டை ஜெயித்தவனே தன் கையால் அவன் தோளில் திருப்பிப் போட வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் தோற்றவனுக்கு அவமானம். வல்லத்தார் கடுக்கனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நான் அவர் துண்டை எடுத்தேன், உதறினேன், நாலாக மடித்தேன், தோளில் போட்டேன். மடிக்கும்போது கடுக்கன் எங்கே போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். பொருளை ஒளிப்பதில் கடைசியாக ஒருமுறை திறமை காட்டினேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் காதர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தது வெள்ளைத் தொப்பி.

"வாங்க தம்பி," என்றார் காதரைப் பெற்ற அத்தா. "மணி இன்னா?"

அவர் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து டீயும் சமோசாவும் கொடுத்தார்.

"காதர் எழுதியிருந்தான். வாட்சு ரெண்டு மணி முன்னாடி ஓடும், கொண்டாற ஆளு வாயி நாலு மணி முன்னாடி ஓடும்னு. வூட்டாளுங்க அனந்தபுரம் போனாங்க, உங்களைக் கூப்பிட நான் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். உங்க பஸ்ஸு லேட்டு, தவறிப் போச்சு. மண்டியில நீங்க நாலு மணின்னீங்க பாருங்க, அப்பதான் உறுதியாச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"விருந்தாளிய நாலு பேரு நடுவுல இருந்து எழுப்பறதான்னு யோசிச்சேன். சரி, சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன், துண்டு விழுந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஜெயிச்சா தர்காவுல சர்க்கரை வச்சுப் பாத்தியா ஓதறேன்னு நேந்துக்கிட்டேன். சீட்டு தொறந்ததும் நேரா அங்கதான் ஓடினேன். போற வழியிலதான் ஒறச்சது, சூதாட்டத்துக்கு நேந்துக்கிட்ட மொத ஆளு நாந்தான். தம்பி, இந்தக் கதை காதருக்குத் தெரிய வேணாம். உங்களுக்காக இல்ல, எனக்காக."

சத்தியம் செய்து கொடுத்தேன். இதை இங்கே எழுதுவதில் பிசகில்லை. காதர் பத்திரிகையில் கால்பந்துப் பக்கம் தவிர எதையும் திருப்பமாட்டான்.

மறுநாள் கோட்டைக்குப் போனேன். பாதிப் படி ஏறினேன். மீதிப் பாதியைக் கீழே நின்று பார்த்ததே திருப்தியாக இருந்தது. திரும்பி வந்தால் காதர் வீட்டு வாசலில் கோவிந்தன், பக்கத்தில் ஒரு முழு மூட்டை மல்லாட்டை.

"வல்லத்தாரு குடுத்தனுப்பினாரு. நேத்து வூட்டுக்குப் போயி துண்டை உதறினாராம், இன்னாவோ விழுந்துச்சாம்." கண்ணைச் சிமிட்டினார். "இது ஆட்டத்துக் காய் இல்லியாம். தாராளமா துன்னலாம்னாரு."

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பிரியாணி வாசனை தெருமுனைவரை. மாப்பிள்ளை கூச்சத்தோடு கையை நீட்ட, நான் வாட்சைக் கட்டினேன். இந்த முறை என் கை நடுங்கவில்லை. என் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றேன். காதரின் அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, மணி இன்னா?"

மாப்பிள்ளை பெருமையாக மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளுத்தது. "ஒண்ணே முக்கால் மாமா! பன்னெண்டுக்குள்ள முடியணும்னாங்களே, நேரம் தாண்டிடுச்சே!"

"ஒண்ணும் தாண்டல," என்றார் பெரியவர், என் பக்கம் திரும்பாமல். "அந்த வாட்சு எப்பவும் ரெண்டு மணி முன்னாடியே பயந்துடும் மாப்ள. கொண்டாந்த ஆளோட பழக்கம் ஒட்டிக்கிச்சு."